விதி வார்த்த என்ஜின்கள்

ஓசூரிலிருந்து நாமக்கல் நோக்கி வரும் மொட்டை சேஸிஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், மூக்கில் ஒரு என்ஜின், ஒரு ஸ்டியரிங், உட்காரப் பலகை. ஓட்டுபவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருப்பார். கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் வழியாக அந்த வண்டி பாடி கட்டும் பட்டறைக்கு வந்து நிற்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் தோல் நிறம் தெரியும். மற்றதெல்லாம் புழுதி.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் அதே கோலத்தில் ஒருவரைப் பார்த்தேன். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 1911 மே 30 அன்று நடந்த முதல் 500 மைல் கார் பந்தயத்தை வென்ற ரே ஹாரூன். 32 லட்சம் செங்கற்கள் பதித்த, நான்கு கிலோமீட்டர் நீள ஓடுபாதையை 200 முறை சுற்றியிருக்கிறார். ஆறே முக்கால் மணி நேரம் திறந்த வண்டியில், சராசரியாக மணிக்கு 120 கி.மீ. வேகத்தில்.

அந்தப் படம்தான் என்னை அந்தப் பந்தயத்தின் வரலாற்றுக்குள் இழுத்தது. உள்ளே போன பிறகு, வேகக் கணக்கைவிட விதிப்புத்தகம் சுவையாக இருந்தது. 1911-க்கும் 1930-க்கும் இடையில் என்ஜின் அளவு பற்றிய விதியை ஆறு முறை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புது வகை என்ஜினைப் பிறப்பித்திருக்கிறது. அப்படிப் பிறந்தவையும் வளர்ந்தவையும் இன்று சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நிற்கும் லாரிகளின் பானெட்டுக்கு அடியில் இருக்கின்றன. என்ஜினை வார்ப்பது இரும்பும் நெருப்பும் மட்டுமே என்று நினைத்திருந்தேன். எதை அளக்கிறோம் என்று தாளில் எழுதப்படும் ஒரு வரியும் அதை வார்க்கிறது.

சாலும் நடையும்

எங்கள் பக்கம் மின் மோட்டார் வருவதற்கு முன் கவலை ஓட்டித்தான் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, அதில் கட்டிய சால் என்னும் பெரிய பாத்திரம் மேலே வரும், வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும்போது சால் திரும்பவும் கிணற்றுக்குள் இறங்கும். வயலுக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை மூன்று கணக்குகள் முடிவு செய்யும். சால் எவ்வளவு பெரியது? அது எந்த அளவுக்கு நிறைந்து வருகிறது? மணிக்கு எத்தனை நடை?

என்ஜினும் இறைப்புதான், அது இறைப்பது காற்றை. எரிபொருளைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது. அது எரியக் காற்று வேண்டுமே, அதுதான் கடினம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் காற்றின் எடையோ சுமார் 1.2 கிராம்தான். ஆகவே ஒரு என்ஜினின் சக்தி என்பது, அது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து எரிக்கிறது என்பதுதான்.

பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது விடும் வெற்றிடத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதையே ‘சிசி’ என்கிறோம். அதுதான் சாலின் அளவு. என்ஜினின் சுற்றுகள்தான் நடை. வால்வுகளின் வழியாகக் காற்று எவ்வளவு தாராளமாக உள்ளே வருகிறது என்பதுதான் சால் நிறைவது.

இண்டியானாபோலிஸ் விதி அளந்தது இந்த மூன்றில் ஒன்றை, சாலின் அளவை மட்டும்.

9.8 லிட்டரிலிருந்து 1.5 லிட்டர் வரை

முதல் பந்தயத்தில் உச்சவரம்பு 9.8 லிட்டர். ஹாரூனின் மார்மன் வாஸ்ப் காரில் இருந்தது 7.8 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் 1.3 லிட்டர் கொள்ளளவு. இன்றைய சிறிய கார் ஒன்றின் மொத்த என்ஜினைவிட அந்த ஒற்றைச் சிலிண்டர் பெரியது. அத்தனை பெரிய என்ஜின் கொடுத்த சக்தி சுமார் 110 குதிரைத்திறன். பெரிய சால், மெதுவான நடை.

1913-இல் வரம்பு 7.4 லிட்டருக்கு இறங்கியது. அந்த ஆண்டு பிரான்சிலிருந்து வந்த பெஜோ காரில் ஜூல் கூ வென்றார். அதன் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், அவற்றை இயக்கத் தலைக்கு மேலே இரண்டு கேம்ஷாஃப்டுகள். காற்று வரும் வாசலை அகலப்படுத்திய ஏற்பாடு அது. இன்று மோட்டார் சைக்கிள் விளம்பரத்தில் ‘நான்கு வால்வு, இரட்டை கேம்’ என்று பெருமையாக எழுதுகிறார்களே, அதன் முன்னோடி அந்த பெஜோ. மறு ஆண்டு இன்னும் வியப்பு. 6.2 லிட்டர் டெலாஜ் முதலிடம் பிடித்தது. அதற்கு அடுத்து வந்தது, அதில் பாதி அளவே உள்ள 3 லிட்டர் பெஜோ. சால் சிறிதாக இருந்தாலும் நன்றாக நிறைத்து வேகமாக நடந்தால் போதும் என்பதை உலகம் கண்ணால் பார்த்தது.

1915-இல் 4.9 லிட்டர். 1920-இல் 3 லிட்டர். 1923-இல் 2 லிட்டர். 1926-இல் 1.5 லிட்டர். வேகம் மிகாமல் இருக்கத்தான் வரம்பைக் குறைத்தார்கள். நடந்தது வேறு. 1911-இல் மணிக்கு 120 கி.மீ.யாக இருந்த வெற்றிச் சராசரி, 1915-இல் 144-ஐத் தாண்டியது. 1925-இல், 2 லிட்டர் டூசன்பெர்க்கில் பீட்டர் டிபாலோ ஏறத்தாழ 163 கி.மீ. சராசரியில் வென்றார். மணிக்கு நூறு மைல் என்ற எல்லையை முதன்முதலாக உடைத்தது, முதல் பந்தயத்து வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவே கொண்ட என்ஜின்.

எப்படி? முதல் வழி, நடையைக் கூட்டுவது. ஆனால் அதற்கு ஒரு தடை உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நிற்க வேண்டும். சுற்று இரட்டிப்பானால், அதை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகிறது. கனமான பெரிய பிஸ்டன் அந்த விசையில் தன் இணைப்புத் தண்டையே முறித்துவிடும். ஆகவே பிஸ்டனைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஹாரி மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1.5 லிட்டரை எட்டுச் சிலிண்டர்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 190 சிசிக்கும் குறைவு. இன்று கல்லூரிப் பையன் ஓட்டும் பைக்கின் சிலிண்டர் அளவு. அந்த என்ஜின் நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றது.

இரண்டாவது வழி, சாலை நிறைக்கும் வழி. சாலில் தண்ணீரை அழுத்தி அடைக்க முடியாது. சிலிண்டரில் காற்றை அழுத்தி அடைக்கலாம். என்ஜினின் சுழற்சியாலேயே ஓடும் ஒரு விசிறி காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால், ஒன்றரை லிட்டர் இடத்தில் மூன்று லிட்டர் காற்றைக்கூடத் திணிக்கலாம். விதி அளப்பது இடத்தை. இடத்துக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அது கேட்கவில்லை. இதுதான் சூப்பர்சார்ஜர். 1924-இல் அது இண்டியானாபோலிஸில் முதல் வெற்றியைக் கண்டது.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் தெரியும். சூடான காற்று விரியும். அழுத்தியதன் பயனில் ஒரு பகுதி வீணாகும். ஃபிராங்க் லாக்ஹார்ட் என்ற இளைஞர், 1926-இல் தம் முதல் இண்டியானாபோலிஸ் பந்தயத்திலேயே வென்றவர், அழுத்திய காற்றை வழியிலேயே குளிர்வித்து உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைத் தம் காரில் பொருத்தினார். இன்று நம் லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர் அதுவேதான். 1928-இல் வேக முயற்சி ஒன்றில் அவர் இறந்தபோது வயது 25.

அந்த ஆண்டு 1.5 லிட்டர் மில்லர் என்ஜின் பூட்டிய காரில் லியான் டூரே ஓட்டிய தகுதிச் சுற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. ஹாரூனின் என்ஜின் லிட்டருக்கு 14 குதிரைத்திறன் கொடுத்தது. மில்லரின் என்ஜின் லிட்டருக்கு நூறுக்கு மேல். இடையில் ஓடியவை 17 ஆண்டுகள்.

விதி திரும்பி நடந்த ஆண்டு

ஆனால் ஒரு விலை இருந்தது. இத்தனை நுட்பமான என்ஜினைச் செய்ய இரண்டு மூன்று பட்டறைகளால்தான் முடிந்தது. சாதாரண கார் செய்யும் நிறுவனங்கள் ஒதுங்கிவிட்டன. 1927-இல் ஓடுபாதையை வாங்கிய எடி ரிக்கன்பேக்கர், முதல் உலகப் போரின் புகழ்பெற்ற விமானி, 1930-இல் விதியைத் திருப்பினார். வரம்பு 6 லிட்டருக்கு ஏறியது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு சூப்பர்சார்ஜர் தடை செய்யப்பட்டது. தெருவில் ஓடும் காரின் என்ஜினை எடுத்துச் செப்பம் செய்து, எளிய மெக்கானிக்கும் போட்டிக்கு வரலாம் என்றானது.

திறந்த அந்தக் கதவு வழியாக 1931-இல் ஒரு டீசல் கார் உள்ளே வந்தது. அதே இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் நடத்திய நிறுவனத்தின் கார். வேகத்தில் அது பின்தங்கியது, 13-ஆம் இடம். ஆனால் 500 மைலையும் ஒரு முறைகூட நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஓடி முடித்தது. அதற்கு முன் அந்தப் பந்தயத்தில் எந்தக் காரும் செய்யாதது. டீசல் என்றால் கப்பலுக்கும் ஆலைக்கும் உரியது என்றிருந்த காலத்தில், சாலையிலும் அது ஓடும், சிக்கனமாக ஓடும் என்பதற்கு அது பொதுமேடைச் சான்று.

இருபத்தோர் ஆண்டுகள் கழித்தும் அதே நிறுவனம் அங்கே வந்தது. 1952-இல் டீசலுக்கு 6.6 லிட்டர் வரை இடம் இருந்தது. லாரி என்ஜின் ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தாழ்வான காரில் பொருத்தினார்கள். கூடவே ஒரு புதுமை: வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, உள்ளே வரும் காற்றை அழுத்தும் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இலேயே பதிவு செய்த எண்ணம் அது. இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் டர்போ ஓடியது அதுவே முதல் முறை. ஃபிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் மணிக்கு 222 கி.மீ. சராசரி எடுத்து, ஒரு லாரி என்ஜினை முதல் வரிசையின் முதல் இடத்தில் நிறுத்தினார். பந்தயத்தில் 71 சுற்றோடு வண்டி நின்றது. தரைக்கு அருகில் இருந்த காற்று வாயில் டயர்த் துகள்கள் அடைத்துக்கொண்டன. ஏர் ஃபில்டரைத் தட்டாமல் லோடு ஏற்றாதே என்று நம் ஊர்ப் பெரிய மெக்கானிக்குகள் பையன்களுக்குச் சொல்லும் பாடம்தான்.

கம்மின்ஸும் டாடாவும் 1993-இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் ஜாம்ஷெட்பூர் ஆலையிலிருந்து 5.9 லிட்டர் டர்போ டீசல்கள் வந்தபோது, சேலம் நெடுஞ்சாலையில் ஒரு புது ஓசை கேட்டது. ஏற்றத்தில் மெல்லிய விசில். வெளியே வீணாகப் போய்க்கொண்டிருந்த வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பவும் வேலைக்கு வரும் ஓசை அது. சேலம் சமவெளியைவிட ஏற்காட்டு உச்சியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய வண்டி அங்கே மூச்சு வாங்கிக் கரும்புகை கக்கும். டர்போ வண்டி அந்தக் குறையைத் தானே இட்டுநிரப்பிக்கொண்டு ஏறும்.

நம் நாட்டு விதிகள்

சாலின் அளவை மட்டும் அளக்கும் விதி நமக்கும் உண்டு. 2006-இலிருந்து, நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி என்ற வரம்பும் உள்ள கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. விளைவு, வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் என்ஜின்கள் குவிந்தன. மூன்று சிலிண்டர் டர்போக்கள் வந்தன. 2025-இல் ஜி.எஸ்.டி. மாறியபோது மோட்டார் சைக்கிளுக்கு 350 சிசி என்ற எல்லை இன்னும் முக்கியமானது. 349 சிசி வண்டிகள் அதன் இந்தப் பக்கம் நிம்மதியாக நின்றன.

பந்தயத்திலும் நம்மிடம் வேறொரு விடை இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்துகொண்டிருந்த காலத்தில், 1988-இல், கோவையின் கரிவரதன் ‘ஃபார்முலா மாருதி’யை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே என்ஜின், மாருதி 800-இன் 796 சிசி. பணத்தால் வேகத்தை வாங்க முடியாதபடி செய்த விதி அது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பந்தயக் கார் ஓட்ட முடிந்தது.

ஆனால் நாமக்கல்லின் வாழ்க்கையை மாற்றிய விதி வேறு. அது வேகத்தையோ கொள்ளளவையோ அளக்கவில்லை, புகையை அளந்தது.

2000-ஆம் ஆண்டில் கனரக டீசல் வண்டி ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 8 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடலாம். பாரத் ஸ்டேஜ் என்ற நம் நாட்டுப் புகை விதியின் இரண்டாம் நிலையில் அது 7, மூன்றில் 5, நான்கில் 3.5. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் நிலையில் 0.4. இருபதில் ஒரு பங்கு! கரித்துகள் 0.36 கிராமிலிருந்து 0.01-க்கு இறங்கியது. ஐந்தாம் நிலையைத் தாண்டிக் குதித்தே ஆறுக்கு வந்தோம். 2017 மார்ச் இறுதியில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் நிலை வண்டிகளின் விற்பனையை நிறுத்திய அந்த மூன்று நாள் பரபரப்பை லாரித் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

அடுப்பின் சிக்கல்

இந்த எண்களை எட்டுவது ஏன் கடினம்? பிலிக்கல்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் அடுப்பைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கரும்புச் சக்கை காய்ந்து, காற்று நன்றாக ஓடினால், தீ கொழுந்துவிட்டு எரியும், புகை குறையும். ஈரம் இருந்தாலோ காற்று குறைந்தாலோ தீ தணிந்து கரும்புகை கிளம்பும். டீசலிலும் இதே கதைதான். சூடு அதிகமானால் கரி எரிந்து தீரும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். நுரையீரலை அரிப்பது அது. சூட்டைக் குறைத்தால் அந்த வாயு குறையும், கரி கூடும். ஒன்றைக் கட்டுப்படுத்தினால் மற்றது தலைதூக்கும்.

விதி இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்தது. அதனால் அடுப்புக்குள் மட்டும் தீர்வு தேட முடியாமல், பொறியாளர்கள் புகைக்குழாயில் ஒரு வேதியியல் ஆலையையே கட்டினார்கள்.

முதலில் டீசல் தெளிப்பு மாறியது. பழைய பம்பும் நாசிலும் போய், இரண்டாயிரம் பார் அளவுக்கு அழுத்தத்தில் மூடுபனிபோல் தெளிக்கும் காமன் ரெயில் வந்தது. புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி சிலிண்டருக்கே அனுப்பி, தீயின் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அதன்பின் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி. கரி அதன் சுவரில் தங்கும். நிறைந்ததும், வண்டியே சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி அதை எரித்துத் தீர்த்துவிடும். நீண்ட சாலையில் ஓடும் வண்டிக்கு இது தானாக நடந்துவிடும். மணல், செங்கல் லோடு என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது. வடிகட்டி அடைக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

கடைசியில் யூரியா. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைத்த தூய நீரைச் சூடான புகையில் தெளிக்கிறார்கள். யூரியா அம்மோனியாவாகப் பிரிகிறது. அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் வினையூக்கியின் மேல் சந்தித்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறுகின்றன. நாம் மூச்சுவிடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அங்கிருந்து எடுத்ததை அங்கேயே திருப்பி விடுகிறோம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து இந்த டாங்கில் ஊற்றக் கூடாது. அது வேப்பெண்ணெய் பூசியது. வேறு அழுக்குகளும் இருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், லட்சங்கள் பெறும் வினையூக்கியைக் கொன்றுவிடும்.

டீசலும் மாற வேண்டியிருந்தது. கந்தகம் வினையூக்கிக்கு நஞ்சு. மூன்றாம் நிலையில் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்த கந்தகம் நான்கில் 50, ஆறில் 10. சுத்திகரிப்பு ஆலைகள் மாறாமல் லாரி மாறியிருக்க முடியாது.

விதி வந்து சேரும் கடைசி இடம்

பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கள் பக்கத்து மெக்கானிக் என்ஜின் ஓசையைக் கேட்டே டைமிங் சொல்வார். புகையின் நிறம் பார்த்து நாசிலா, ரிங்கா என்று பிரிப்பார். அது நாற்பது ஆண்டு காதும் கண்ணும் சேர்த்த அறிவு. இன்று பானெட்டைத் திறந்தால் சென்சார்கள், ஒயர்கள், பூட்டப்பட்ட மென்பொருள். யூரியா தரம் குறைந்தால் என்ஜின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. ஏன் குறைந்தது என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அது இல்லை.

1930-இல் ரிக்கன்பேக்கர் உணர்ந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். விதி நுட்பத்தை உயர்த்தும்போது, அந்த நுட்பத்தைக் கையாளும் கைகளின் எண்ணிக்கை சுருங்கும். அவர் விதியைத் தளர்த்தினார். புகை விதியை நாம் தளர்த்தக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவரின் நுரையீரலும், பள்ளிப் பேருந்துக்காக நிற்கும் குழந்தையின் நுரையீரலும் அதில் இருக்கின்றன. கைகளை உயர்த்துவதே நமக்குள்ள வழி. ஐ.டி.ஐ. பாடத்தில் ஆறாம் நிலை என்ஜின் உண்மையாகவே மேசை மேல் இருக்க வேண்டும். பழுது பார்க்கும் தகவல் சிறு பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். ஸ்கேனரும் காதும் ஒன்றாக வேலை செய்தால், எங்கள் மெக்கானிக்குகளுக்கு ஈடு எவரும் இல்லை.

ஒரு விதி எதை அளக்கிறதோ அது மேம்படும். அளக்காதது அப்படியே கிடக்கும். கொள்ளளவை அளந்தபோது காற்றை அடைக்கும் கலை வளர்ந்தது. புகையை அளந்தபோது புகைக்குழாய் வேதியியல் வளர்ந்தது. ஐரோப்பாவின் ஏழாம் நிலை விதி பிரேக்கிலிருந்து உதிரும் தூளையும் அளக்கத் தொடங்குகிறது. இனி பிரேக் மாறும்.

நம் நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம். இந்த வரியைப் படித்தபோது, பலகையில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் தொப்பூர் இறங்கி வந்தவரின் முகம் எனக்குள் எழுந்தது. என்ஜினுக்குக் குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபிராங்க் லாக்ஹார்ட் கண்டு நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதை ஓட்டும் மனிதரின் வெப்பத்தை அளக்க விதிக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.